ஐந்நூறு கிராம்

ஜனவரி 9

அன்புள்ள குட்டைக்கு,

ஆறடிக்கு வளர்ந்த பிறகும் உன்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உன் முதுகுப் பிடிப்பு விட்டதா? உன் மனைவிக்கு இருமல் நின்றதா? இங்கே அத்தானுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாதம் ஒருமுறை உன் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்ட வேண்டுமாம். போனில் பேசினால் உனக்கு ஒன்றும் கேட்பதில்லை. முப்பது வருஷம் ரம்பத்தோடு குடித்தனம் செய்த காது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

என் வலது கை கொஞ்சம் தகராறு செய்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. துணி ஆலையில் இருபத்தெட்டு வருஷம் கத்திரி பிடித்த கட்டைவிரல், அடிமூட்டு தேய்ந்துவிட்டதாம். ஆள்காட்டி விரல் வேறு காலையில் மடங்கினால் நிமிர மாட்டேன் என்கிறது. எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு ட்ரிகர் ஃபிங்கர், விசை விரல்"னு சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா சிரிக்கிறீங்க?"

"நான் பிஸ்டல் சுடுறவ டாக்டர்."

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். காற்றுப் பிஸ்டல்தான், பத்து மீட்டரில் அட்டையைச் சுடுவது, வாரம் இரண்டு நாள் சுடுதளத்துக்குப் போகிறேன் என்று விளக்கிய பிறகுதான் மனிதருக்கு மூச்சு வந்தது.

ஜூனில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் போட்டி. நாற்பது குண்டு. பிஸ்டலின் கைப்பிடி என் கைக்கு இப்போது பொருந்தவில்லை, கட்டைவிரல் அடியில் குத்துகிறது. நீ புதிதாக ஒன்று செதுக்கித் தர முடியுமா? கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா


ஜனவரி 21

அன்பு அக்கா,

இங்கே எல்லாரும் சுகம். இருமல் நின்றது, முதுகு அப்படியேதான். அத்தானைக் கண்ணைத் தேய்க்காமல் இருக்கச் சொல்.

உன் கையைப் பார்த்தேன். கோடு போடுகிறவன்தானே நானும். கட்டைவிரல் அடியில் பென்சில் வளைந்து வெளியே போய் வந்திருக்கிறது, அங்கே அவ்வளவு வீக்கமா? ஆள்காட்டி விரல் தாளில் படிந்து கிடக்கவில்லை. மூன்று இடத்தில் பென்சிலை எடுத்து எடுத்து வைத்திருக்கிறாய். "கொஞ்சம் தகராறு" என்று எழுதியிருக்கிறாய். சரி, இருக்கட்டும்.

பிஸ்டல் இல்லாமல் பிடி செய்ய முடியாது. அத்தான் அடுத்து வரும்போது பெட்டியோடு கொடுத்தனுப்பு. யாராவது என்ன பெட்டி என்று கேட்டால் அவர் உளறாமல் இருக்க வேண்டும்.

குட்டை


பிப்ரவரி 4

அன்புள்ள குட்டைக்கு,

பெட்டி அத்தானோடு வருகிறது. உரிமச் சீட்டின் நகல் உள்ளே இருக்கிறது. உங்கள் இருவருக்கும் உடம்பு தேவலை என்று கேட்டு நிம்மதி.

நீ கேட்டதால் எழுதுகிறேன். காலையில் எழுந்ததும் கையைப் பத்து நிமிஷம் வெந்நீரில் வைக்கிறேன். அதன் பிறகுதான் பல் விளக்கும் பிரஷைப் பிடிக்க வருகிறது. சட்டைப் பொத்தானை அத்தான் போட்டுவிடுகிறார், அவர் கண்ணுக்கு ஒன்று விட்டு ஒன்று. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

சுடும்போது கட்டைவிரல் வலியைத் தாங்கிக்கொள்ளலாம். விசையை இழுக்கும்போதுதான் சிரமம். கடைசிக் கொஞ்சம் கல் மாதிரி நிற்கிறது. விதிப்படி அந்த இழுப்பு ஐந்நூறு கிராமுக்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் ஏறிக் கிடக்கிறதோ என்று சந்தேகம். பிடி மாட்டும்போது அதையும் கொஞ்சம் பார்த்துவிடு.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்பு அக்கா,

சுகம், சுகமறிய ஆவல். அத்தான் வந்தார், சாப்பிட்டார், என் பட்டறையில் அரை மணி நேரம் தூங்கினார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

பிடி பழைய நாற்காலிக் கால் ஒன்றில் செதுக்கியது. நன்றாகக் காய்ந்த மரம், இனி சுருங்காது. கட்டைவிரல் அடியில் குழி விட்டிருக்கிறேன். உள்ளங்கை தாங்கும் தட்டை அரை அங்குலம் அகலப்படுத்தினேன், எடை விரலில் விழாமல் கையில் உட்காரும். எங்காவது உரசினால் பென்சிலால் குறி வைத்து எழுது.

விசையைப் பார்த்தேன். ஐந்நூறு. சரியாக இருக்கிறது.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் பிஸ்டலை மறுபடி அனுப்பு. எண்ணெய் போட்டுத் தருகிறேன். மறக்காதே.

குட்டை


மார்ச் 6

அடேய் குட்டை,

எல்லாரும் நலம், நீங்களும் நலமாக இருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 366!

நாற்பது குண்டில், நானூற்றுக்கு 366. ஐந்து வருஷமாக நான் இந்த எண்ணைப் பார்த்ததில்லை. உன் பிடியில் என்ன வைத்தாய்? விரல் வலி பாதிகூட இல்லை. நினைத்தால் போதும், குண்டு போய்விடுகிறது. பக்கத்து மேசையில் சுடும் தபால்காரர் (ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது, இன்னும் எல்லாருக்கும் தபால்காரர்தான்) என் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஏம்மா, மூட்டு வலின்னு ஊரெல்லாம் சொன்னது எங்களை ஏமாத்தவா?" என்றார்.

அத்தானிடம் சொன்னேன். "மச்சானுக்கு ஒரு சட்டை எடுத்துக்கொடுக்கணும்" என்றார். உன் அளவு அனுப்பு.

உன் அக்கா


மார்ச் 17

அன்பு அக்கா,

சந்தோஷம். எல்லாரும் நலம். சட்டையெல்லாம் வேண்டாம்.

ரொம்ப நேரம் சுடாதே. கவனமாக இரு. எண்ணெய் போடுவதை மறக்காதே, மே கடைசியில் அனுப்பினாலும் போதும்.

குட்டை


ஏப்ரல் 22

அன்பு அக்கா,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, கடிதம் இல்லை. அத்தானும் இந்த மாதம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் விசாரித்தேன், தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறாராம். யாருக்காவது உடம்பு சரியில்லையா? போன் செய்தேன். நீ ஏதோ சொன்னாய். எனக்குத் தகரத்தில் கல் போட்ட மாதிரி கேட்டது. இரண்டு வரி எழுது.

குட்டை


மே 3

அன்புள்ள குட்டைக்கு,

நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன். அத்தானுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது சரியாகிவிட்டது. இங்கே வெயில் கடுமை. மாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல், ஆள் வந்து அடைத்துவிட்டுப் போனான்.

கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஜூன் போட்டிக்குப் போகவில்லை. அதனால் நீ எண்ணெய் போட வேண்டியதில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு.

அக்கா


மே 14

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

நீ அனுப்பியபோது விசை ஐந்நூற்று இருபது இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு அளந்தேன். இருபது கிராம் குறைத்தால் போதும். திருகாணியைக் கால் சுற்று தளர்த்தினேன், ஐந்நூறு வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

நீ வரைந்த கை எதிரே சுவரில் ஒட்டியிருந்தது. இன்னும் ஒன்றரைச் சுற்று தளர்த்திவிட்டேன். முந்நூற்றைம்பது. உனக்கு ஐந்நூறு என்று எழுதினேன். போட்டிக்கு முன்னால் பிஸ்டல் என்னிடம் வந்தால் பழையபடி திருகிவிடலாம், அதுவரை பயிற்சியிலாவது விரல் நோகாமல் இருக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். அதற்குத்தான் எண்ணெய்.

366 என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படிக்க என்னால் முடியவில்லை.

இப்போது நீ விசையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, பிடியைப் பற்றியும் இல்லை. தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதியிருக்கிறாய். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா? அதை மட்டும் சொல்.

குட்டை


மே 25

குட்டை,

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைப் படித்து மூச்சு விட்டுக்கொள்.

நடந்தது மார்ச் 29. காலை எட்டு மணி, சுடுதளத்தில் ஏசி குளிர். கையைச் சரியாகச் சூடு பண்ணாமல் போய்விட்டேன். அது என் தப்பு. பதினாறாவது குண்டுக்குக் கையைத் தூக்கினேன். குறி நிற்கவில்லை. சுடாமல் இறக்கி வைக்கலாம் என்று கையைத் தாழ்த்தினேன். இறக்கும்போது விரல் விசையை விட்டு வெளியே இருக்க வேண்டும், பிள்ளைப் பாடம். எடுத்ததாகத்தான் நினைத்தேன். விரல் மடங்கியபடி நின்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை, மரத்துப்போயிருந்தது. டப்.

குண்டு என் மேசை விளிம்பில் பட்டுத் தெறித்து, தபால்காரர் மேசையில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போய் விழுந்தது. அவர் கை அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடுதளப் பொறுப்பாளரை உனக்குத் தெரியாது. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர், குரலே உயராது. வந்து பிஸ்டலை எடுத்தார். ஐந்நூறு கிராம் எடையை விசையில் மாட்டித் தூக்கினார். டக்கென்று விட்டுவிட்டது. நானூறு மாட்டினார். அதுவும் நிற்கவில்லை. முந்நூற்றைம்பதுதான் நின்றது.

"யாரும்மா திருகினது?"

"நான்தான்."

அப்படியே எழுதிக்கொண்டார். ஆறு மாதம் வரக் கூடாது. என் உறுப்பினர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

உன் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன்னைக் காப்பாற்ற என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே. உன்னை இன்னொருத்தர் திட்டக் கூடாது, நான்தான் திட்ட வேண்டும். திட்ட உட்கார்ந்தால் எழுத வரவில்லை. அதனால்தான் தொட்டியைப் பற்றி எழுதினேன்.

இப்போது வருகிறது, கேட்டுக்கொள். விசை ஐந்நூறாக இருந்திருந்தால் அன்றைக்கு வெடித்திருக்காதா? எனக்குத் தெரியாது. விரல் என்னுடையது, அந்தப் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நீ என்னைப் பாவம் என்று நினைத்தாய் பார், அதுதான் எரிகிறது. நீ உண்மையைச் சொல்லியிருந்தால், "வேண்டாம்டா, பழையபடி திருகு"ன்னு சொல்லியிருப்பேன். கேட்கக்கூட இல்லை. குழந்தைக்குச் சோற்றில் மாத்திரையை வைத்துக் கொடுக்கிற மாதிரி. 366 என்று ஊரெல்லாம் சொன்னேன். மளிகைக் கடையில் சொன்னேன். எலும்பு டாக்டரிடம் சொன்னேன்.

எனக்கு மன்னிப்பு எழுதி அனுப்பாதே. நீயே வந்து பொறுப்பாளரைப் பார். அந்த ஏட்டில் என் கையால் ஒரு பொய் இருக்கிறது. உன் வாயால்தான் அதைத் திருத்த முடியும்.

உன் மனைவி நலமா?

அக்கா


ஜூன் 18

அன்பு அக்கா,

வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவள் உன்னையும் அத்தானையும் விசாரித்தாள்.

சுடுதளத்தில் என்ன பேசினோம் என்று நீ கேட்டாய், நான் "எல்லாம் சொல்லிட்டேன்"னு மழுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். நேரில் சொல்ல முகம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பொறுப்பாளர் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. காது மெஷினைச் சரி பண்ணிக்கொண்டு, "சார், என் அக்கா பிஸ்டல்ல விசையைத் தளர்த்தினது நான்தான்"னு ஆரம்பித்தேன். அவர் ஏட்டைக்கூடத் திறக்கவில்லை.

"தெரியும்" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்: "உங்கக்கா தண்ணி பாட்டிலோட மூடியை ஒரு வருஷமா என்கிட்டதான் திறக்கக் குடுக்குறாங்க. அவ்வளவு சின்ன திருகாணியை அவங்க திருகினாங்கன்னு சொன்னா நான் நம்பணுமா?"

"அப்புறம் ஏன் சார் அவங்களுக்கு ஆறு மாசம்?"

"பிஸ்டல் அவங்க கையில இருந்துச்சு. விரல் விசைமேல இருந்துச்சு. யார் திருகியிருந்தாலும் ஆறு மாசம்தான். பொய் சொன்னதுக்கு இன்னும் மூணு மாசம் போட்டிருக்கலாம். போடல."

பிறகு ஏட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். உன் வரிக்குக் கீழே நடந்ததை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்று கேட்டார்: "அவங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதானே செஞ்சீங்க?" ஆமாம் என்றேன். "வலிக்குதுன்னு தெரிஞ்சாதான் அவங்க விரல் எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். அதையும் எடுத்துட்டீங்களே."

வெளியே வந்தால் தபால்காரர். மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடிக் கூட்டை எடுத்துக் காட்டினார். நட்ட நடுவில் குழி. "உங்கக்கா இத்தனை வருஷத்துல சுட்டதுலயே இதுதான் சுத்தமான பத்து" என்றார். சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவரே முதலில் சிரித்தார்.

விசையைப் பொறுப்பாளர் எதிரிலேயே திருகினேன். ஐந்நூற்றுப் பத்து. அவரே எடை மாட்டிப் பார்த்தார். இனி அந்தத் திருகாணியை நான் தொட மாட்டேன். பிடி உரசினால் மட்டும் எழுது.

குட்டை


அக்டோபர் 20

அன்புள்ள குட்டைக்கு,

இருவரும் நலமென்று நினைக்கிறேன். அத்தானுக்குப் புதுக் கண்ணாடி. இப்போது பொத்தான்கள் எல்லாம் அதனதன் ஓட்டையில் போகின்றன.

நேற்று போட்டி. வரிசையாகச் சொல்கிறேன்.

ஜூலையில் விரலில் ஒரு ஊசி போட்டுக்கொண்டேன். அதிலிருந்து பத்து நாளில் எட்டு நாள் விரல் நிமிர்கிறது. மீதி இரண்டு நாள் நான் பிஸ்டல் பெட்டியைத் திறப்பதில்லை. தூங்கும்போது விரலுக்குப் பட்டை கட்டிக்கொள்கிறேன். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண், கட்டைவிரலைத் தனியாக விட்டுக் கை முழுவதையும் இறுக்கப் பழக்கியிருக்கிறாள். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி அத்தானுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. தண்டனை முடிந்து செப்டம்பர் கடைசியில் சுடுதளத்துக்குப் போனேன். டாக்டர் சீட்டைக் காட்டினேன். ஒவ்வொரு நாளும் பொறுப்பாளர் எடையை மாட்டிப் பார்த்த பிறகுதான் மேசைக்கு விடுகிறார். காலை எட்டு மணியை விட்டுவிட்டுப் பதினொன்றுக்கு மாற்றிக்கொண்டேன். ஐந்து குண்டுக்கு ஒருமுறை பிஸ்டலை வைத்துவிட்டு விரலை விரித்து மடக்கிப் பார்க்கிறேன்.

ஐந்நூற்றுப் பத்து வலிக்கத்தான் செய்கிறது. கல்தான். ஆனால் இப்போது அந்தக் கல்லுக்கு முன்னால் எங்கே நிற்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிகிறது.

போட்டியில் பதினொரு பேர். முதல் பத்துக் குண்டில் 91, அடுத்த பத்தில் 89. மூன்றாவது பத்தும் மோசமில்லை, 90. முப்பத்து மூன்றாவது குண்டு ஒன்பதில் விழுந்தது. அதன்பின் விரலை விரித்தேன், பாதியில் நின்றது. மறுபடி விரித்தேன். வரவில்லை. கடிகாரத்தில் இன்னும் பதினெட்டு நிமிஷம் இருந்தது. ஏழே குண்டு. தபால்காரர் பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டைப் பார்த்தேன்.

பிஸ்டல் மேசையில்தான் இருந்தது, குண்டு போடவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு இடது கையைத் தூக்கினேன். பொறுப்பாளர் வந்தார்.

"என்னம்மா?"

"விரல் நின்னுடுச்சு. நான் நிறுத்திக்கிறேன்."

"கொஞ்ச நேரம் பொறுத்துப் பாக்குறீங்களா? நேரம் இருக்கு."

"வேண்டாம். போதும்."

அவர் பிஸ்டலைத் திறந்து பார்த்து, குழாய் காலி என்று காட்டும் மஞ்சள் கம்பியைச் செருகினார். போகும்போது என் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

முப்பத்து மூன்று குண்டுக்கு 297. சுடாத ஏழுக்கும் பூஜ்யம். பட்டியல் ஒட்டினார்கள், பதினோராவது பெயர் நான். தபால்காரர் மூன்றாவது. "அந்த ஏழையும் சும்மா தட்டி விட்டிருந்தாக்கூட எனக்கு மேல வந்திருப்பீங்களே" என்று என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். நான் பட்டியலை இரண்டு முறை படித்தேன். 297 என்பதில் என்னுடையது அல்லாத எண் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தான், "ஜெயிச்சியா?" என்றார். "கடைசி" என்றேன். "அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றார். எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி அவரிடம்தான் இருந்தது.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். முதுகைப் பார்த்துக்கொள். நவம்பர் போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். எத்தனை குண்டு சுடுவேன் என்று இப்போது தெரியாது.

உன் அக்கா